அந்த வீட்டில் யார் பாத்திரம் விளக்குகிறார்கள்?

காலை ஆறு மணி. மாமியார் மாடிப்படியில் இறங்கி வருகிறார். அரக்கு நிறப் பட்டுப்புடவை, கழுத்தில் ஒரு ஆரம், அதற்கு மேல் இன்னொரு ஆரம், தலை நிறைய மல்லிகைப்பூ. கையில் கற்பூரத் தட்டு. கீழே ஹாலில் மொத்தக் குடும்பமும் குளித்து முடித்து வரிசையாக நிற்கிறது.

"காலைல ஆறு மணிக்கு எந்த மேடம் பாப்பா எந்திரிக்குது?" என்றாள் அம்மா, ரசத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் கிண்டல் செய்யவில்லை, தகவல் சொன்னாள். அடையாறு பக்கம் ஒரு பெரிய வீட்டில் 2002 முதல் 2019 வரை, 17 வருடம் சமையல் வேலை பார்த்தவள் அவள். இரவு எட்டு மணிக்கு மேல் ஷேர் ஆட்டோ பிடித்து வேளச்சேரிக்கு வந்து, கால் கழுவி, தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் அங்கேயும் ஒரு பெரிய வீடு.

"அங்க மேடம் எட்டரைக்குத்தான் கீழ வரும். பழைய காட்டன் நைட்டி. காதுல ஒத்தக்கல் வைரத்தோடு, கழுத்துல ஒண்ணும் இருக்காது. ஒரு காபி, பேப்பரு. அது முடியறவரைக்கும் யாரும் பேசக்கூடாது."

பணக்கார வாழ்க்கை என்று நான் முதலில் அறிந்தது இந்த நைட்டியைத்தான். கூடவே அந்தப் பட்டுப்புடவையையும் தினமும் பார்த்தேன்.

சீரியல் பணக்காரர்கள் நிஜமா என்று கேட்டால் இன்றைக்கு யாரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். தூங்கும்போதும் நகை, ஐசியூவிலும் லிப்ஸ்டிக், ஒரு வசனத்துக்கு மூன்று தடவை இடி. எல்லாவற்றுக்கும் மீம் இருக்கிறது, நானும் பகிர்ந்திருக்கிறேன். ஆனால் நகை அதிகம், மேக்கப் அதிகம் என்று மட்டும் சொன்னால், இரண்டையும் கொஞ்சம் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆகிறது. அம்மாவின் புகார் வேறு. விளம்பர இடைவேளையில், சுவரில் சாய்ந்துகொண்டு, அவள் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இவ்ளோ பெரிய வீட்ல யாரு பாத்திரம் வெளக்குறா?"

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சில தொடர்களைத் திரும்பப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று எழுதிப் பார்க்கிறேன்.

ஹால்

சீரியல் வீட்டுக்கு உயிர் ஹால்தான். சண்டை, சமாதானம், நிச்சயதார்த்தம், விவாகரத்து, சொத்துப் பிரிப்பு, யாரோ ஒருத்தி கர்ப்பம் என்கிற செய்தி, எல்லாம் அங்கேதான். பன்னிரண்டு பேர் அரை வட்டமாக நிற்பார்கள். ஒருவர் பேசுவார். கேமரா மற்ற பதினொரு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வரும்.

இதற்கான காரணம் தொழிலில் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்தாறு எபிசோட், ஒவ்வொன்றும் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்கு மேல். இடம் மாறினால் நேரம் போகும், லைட்டை மாற்றினால் நேரம் போகும். அதனால் நாள் வாடகைக்கு எடுத்த ஷூட்டிங் பங்களாவில் ஒரே ஹாலில் லைட்டை நிறுத்திவிட்டு, முடிந்தவரை காட்சிகளை அங்கேயே எடுக்கிறார்கள். அதே பங்களாவில் அடுத்த வாரம் வேறொரு படப்பிடிப்பு நடக்கலாம். எனவே சுவரில் அந்தக் குடும்பத்துக்கே உரிய எதுவும் இருக்காது. ஒரு பூச்சாடி, ஒரு குதிரைப் படம், தங்க நிறத்தில் ஒரு கடிகாரம். பிய்ந்த செருப்பு, மாத்திரை அட்டை, ஃபோன் சார்ஜர், பழைய தினசரி எதுவும் கண்ணில் படாது. மனிதர்கள் வாழ்கிற வீட்டின் அழுக்கு அங்கே சேர்வதே இல்லை. அதனால்தான் அங்கே யாரும் பெருக்குவதும் இல்லை.

இந்த ஹால் டிவிக்கு முன்பே நம்மிடம் இருந்தது. கருப்பு வெள்ளைப் படங்களின் ஜமீன் பங்களாவை நினைத்துப் பாருங்கள். வளைந்து இறங்கும் படிக்கட்டு, டிரெஸ்ஸிங் கவுனும் பைப்புமாக இறங்கி வரும் அப்பா, கீழே கைகட்டி நிற்கும் ஏழைக் காதலன். செல்வம் என்றால் உயரம். மேலே இருப்பவர் இறங்கி வருவார், கீழே இருப்பவர் அண்ணாந்து பார்ப்பார். 2000 ஜூலையில் ஸ்டார் பிளஸ்ஸில் 'கியூங்கி சாஸ் பி கபி பஹு தீ' தொடங்கி 2008 வரை ஓடியபோது, அந்த விரானி குடும்பத்தின் ஜொலிப்பும் இதோடு வந்து சேர்ந்தது. நம்ம ஊர் ஜமீன் படிக்கட்டில் வடக்கத்தி சிகப்புக் கல் நகைகள் இறங்கி வர ஆரம்பித்தன.

அதே வருடங்களில் சென்னையில் நிஜமான பணம் வேறு மாதிரி மாறிக்கொண்டிருந்தது. ஐடி, ரியல் எஸ்டேட், தனியார் கல்லூரிகள். அந்தப் பணம் உயர்ந்த சுற்றுச்சுவருக்குப் பின்னாலும் செக்யூரிட்டி உள்ள அடுக்குமாடிகளிலும் போய் உட்கார்ந்தது. அதன் அடையாளம் அமைதி. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருப்பதற்குத்தான் அங்கே காசு கொடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு இது தெரியும். அவள் அந்த வீட்டைப் பின்பக்கமிருந்து அறிந்தவள். பின் கேட், துணி காயும் இடம், சமையலறை, ஸ்டோர் ரூம். ஹால் வழியாகத் தட்டு எடுத்துப் போயிருக்கிறாள், அங்கே உட்கார்ந்ததில்லை. ஒருமுறை சொன்னாள்: "அந்த வீட்ல எல்லாரும் ஒண்ணா ஹால்ல நின்னு நான் பாத்தது ரெண்டு தடவதான். ரெண்டும் சாவு."

கணக்கு

'மெட்டி ஒலி' (2002–2005) ஓடிய காலத்தில் எங்கள் தெருவில் எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே குரல் கேட்கும். திருமுருகன் இயக்கிய அந்தத் தொடரில் ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய ஒரு அப்பா. அந்த வீட்டில் காசுக்குக் கணக்கு இருந்தது. சீர் எவ்வளவு, என்ன குறைந்தது, யாரிடம் கைமாற்று வாங்குவது என்று பேசினார்கள். பணம் இல்லாததைச் சொல்லும்போது நம் சீரியல் மிக நுட்பமாக இருக்கும். ஐந்நூறு ரூபாய் காணாமல்போனால் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டும், நாமும் பதறுவோம்.

பணக்கார வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கணக்கு காணாமல் போய்விடும். "பத்து கோடி லாஸ்" என்பார்கள். எதில் லாஸ், யாருக்குக் கட்ட வேண்டும், வட்டி எவ்வளவு என்பது வராது. 'கோலங்க'ளில் (2003–2009) அபி கட்டுமானத் தொழிலில் இறங்கியதால், அங்கே குறைந்தபட்சம் என்ன தொழில் என்றாவது தெரிந்தது. பல தொடர்களில் அதுவும் கிடையாது. கம்பெனி, டெண்டர், ப்ராஜெக்ட் என்று மூன்று சொற்கள். ஒரு கண்ணாடி அறை, ஒரு லேப்டாப், கையெழுத்துக்கு நீட்டப்படும் ஒரு ஃபைல்.

அந்தக் கையெழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீரியலில் சொத்து ஒரு வெற்றுத்தாள் கையெழுத்தில் கை மாறிவிடும். மயக்க மருந்து கொடுத்து, தூங்குகிறவரின் கட்டைவிரலை மையில் அழுத்தி, பங்களாவை எழுதி வாங்கிவிடுவார்கள். நிஜத்தில் 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வீட்டை விற்றாலும் தானமாகக் கொடுத்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். எழுதிக் கொடுப்பவரோ அவரிடம் அதிகாரம் பெற்றவரோ நேரில் போக வேண்டும், புகைப்படம், கைரேகை, அடையாளம் சொல்லும் சாட்சிகள், முத்திரைத் தீர்வை எல்லாம் உண்டு. மோசடி அங்கேயும் நடக்கிறது. ஆனால் அதற்கு எத்தனை பேரின் ஒத்துழைப்பு வேண்டும், எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்பதில்தான் பணத்தின் கதையே இருக்கிறது. சீரியல் அந்தக் கதையை மை டப்பாவோடு முடித்துக்கொள்கிறது.

சீரியலில் வக்கீல் வருவார், ஆடிட்டர் வரமாட்டார். நான் இதை ஒரு பெரிய கண்டுபிடிப்புபோல அம்மாவிடம் சொன்னபோது, அவள் உடனே, "அங்க ஆடிட்டர் சார் மாசாமாசம் வருவாரு. சக்கரை இல்லாத காபி. அவர் வந்தா கதவ சாத்திடுவாங்க" என்றாள். கொலு வைக்கும்போதுகூடத் திறந்திருந்த கதவு ஆடிட்டருக்குச் சாத்தப்பட்டது.

பணக்காரர்களின் வீடு எப்படிச் சாத்தியமாகிறது என்று பார்வையாளர் கேட்பார் என்கிற பயம் வேறு ஊர்த் தொடர்களுக்கு உண்டு. 'ஃபிரண்ட்ஸ்' (1994–2004) தொடரில் மோனிகா ஒரு சமையல்காரி. மன்ஹாட்டனில் அவ்வளவு பெரிய வீடு அவளுக்கு எப்படி? அதற்காக ஒரு சமாதானம் வைத்தார்கள்: பாட்டியின் பெயரில் உள்ள வாடகைக் கட்டுப்பாட்டு வீடு, பாட்டி இல்லை என்பதை வெளியே சொல்லக்கூடாது. நொண்டிச் சமாதானம்தான். ஆனாலும் "வாடகை எவ்வளவு?" என்று கேட்கக்கூடிய ஒருவரை அந்த எழுத்தாளர்கள் மனதில் வைத்திருந்தார்கள். நம் தொடர்கள் எங்களை அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. வாடகை எவ்வளவு என்பதுதான் எங்கள் வீட்டில் மாதாமாதம் நடந்த பேச்சு.

லாப்ஸ்டர்

எச்பிஓவின் 'சக்ஸஷன்' (2018–2023) தொடரை இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் உருவாக்கியது. ஊடக முதலாளி லோகன் ராயும் அவருடைய நான்கு பிள்ளைகளும். ஆடம்பரத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தொடர் குறைவு என்று விமர்சகர்கள் எழுதினார்கள். கெண்டல் அணியும் சாதாரணத் தொப்பி லோரோ பியானா என்பதும், அதில் எந்த எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்காது என்பதும் பேசப்பட்டது. நான்காவது சீசனின் முதல் எபிசோடில் ஒரு பிறந்தநாள் விருந்து. கிரெக் கூட்டிவரும் பெண் பெரிய பர்பெரி கைப்பையோடு வருகிறாள். விலை உயர்ந்த பைதான். ஆனால் டாம் அதன் அளவை வைத்தே அவளைப் பிய்த்து எடுக்கிறான். அவ்வளவு பெரிய பை வைத்திருக்கிறாள் என்றால் எதையோ தானே சுமக்க வேண்டிய வாழ்க்கை அவளுக்கு இருக்கிறது. நிஜப் பணக்காரர்கள் எதையும் சுமப்பதில்லை.

2021இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் இரண்டாவது சீசனின் முதல் எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ராய் குடும்பம் தங்கள் கோடை மாளிகையில் கூடுகிறது. வீட்டில் ஏதோ நாற்றம். விருந்து தயாராக இருக்கிறது, லாப்ஸ்டர், இறைச்சி எல்லாம். லோகனுக்கு அந்த நாற்றத்தைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிறார். பீட்சா வரவழைக்கிறார்கள். வேலை செய்பவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் அவ்வளவு சாப்பாட்டையும் குப்பையில் போடுகிறார்கள். சில நொடிகள்தான் அந்தக் காட்சி.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கீரையை வைத்துவிட்டு, "நிறுத்து, பின்னாடி போ" என்றாள். நான் மறுபடி ஓட்டினேன். பார்த்தாள்.

"இதான் பாப்பா பணக்கார வீடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "செஞ்சவ மூஞ்ச ஒரு தடவகூட சரியா காட்டல பாரு" என்றாள்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க ஒரு விமர்சனத்தை 'சக்ஸஷன்' பற்றி நான் படித்ததில்லை. அந்தத் தொடர் ஆடம்பரத்தை அறிந்திருக்கிறது. யாரோ ஒருவரின் நாள் முழுக்க உழைப்பை ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் ஆக்க முடிவதுதான் ஆடம்பரம் என்று அதற்குத் தெரியும். ஆனால் அது அந்த யாரோ ஒருவரோடு சமையலறையில் தங்காது. லோகனின் முகத்துக்குத் திரும்பிவிடும். நம் சீரியல் பாத்திரத்தைக் காட்டுவதில்லை. 'சக்ஸஷன்' பாத்திரத்தைக் காட்டுகிறது, விளக்குகிற கையையும் காட்டுகிறது, அதோடு நிறுத்திக்கொள்கிறது.

ராஜா ராணி சேர்

போலி ஆடம்பரத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் வீட்டு அனுபவத்தில் அதற்கு ரசீது இருக்கிறது.

2014இல் அக்கா கல்யாணம். ரிசப்ஷன் மேடைக்கு ராஜா ராணி சேர் வேண்டும் என்றாள். தங்கப் பெயின்ட் அடித்த மரச்சட்டம், சிவப்பு வெல்வெட், முதுகுப்பக்கம் ஆளுயரம். பின்னால் தெர்மாகோல் தூண்கள், விளக்குச் சரங்கள். கவரிங் ஆரம் இரண்டு, ஆரி வேலைப்பாடு செய்த பிளவுஸ். மேடையில் உட்கார்ந்தபோது அக்கா அச்சு அசலாக சீரியல் மருமகள்போல இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை கிடையாது.

யோசித்துப் பார்த்தால், இதில் சீரியல் 'சக்ஸஷ'னைவிடத் தாராளமானது. சீரியலின் ஆடம்பரம் பிளைவுட்டாலும் தங்கப் பெயின்டாலும் செய்யப்பட்டது என்பதால் நம்மாலும் அதைச் செய்துகொள்ள முடிகிறது. ஃபால்ஸ் சீலிங்கில் நீல எல்இடி, எல் வடிவ சோஃபா, கவரிங் ஆரம். எழுத்தில்லாத தொப்பியை அப்படி நகல் எடுக்க முடியாது. எடுத்தாலும், அது என்னவென்று நம் தெருவில் யாருக்கும் தெரியாது.

ஆனால் நகலுக்கு நாம் கொடுப்பது நிஜக் காசு. படப்பிடிப்பில் பேக்கப் சொன்னதும் சோஃபா வந்த வண்டியிலேயே திரும்பிவிடும். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது உட்கார வேண்டுமே என்று நாங்கள் வாங்கிய சோஃபாவுக்கு 18 மாதத் தவணை. எட்டுக்குப் பத்து அறையில் அதைப் போட்டபின் அம்மா படுக்கிற இடம் போய்விட்டது. அந்த ஒன்றரை வருடம் அவள் சமையல்கட்டில் பாய் போட்டுப் படுத்தாள். பிறகு பழகிவிட்டது என்றாள்.

வாட்ச்மேன் சொன்ன செய்தி

இவ்வளவும் தெரிந்த அம்மா ஏன் சீரியலை விடவில்லை?

நான் வெகுநாள் அவளுக்குப் பொழுதுபோக வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு கொஞ்சம் படித்து, அது ஒரு மயக்கம் என்று அவளுக்கே பாடம் எடுத்தேன். "அதெல்லாம் பொய்ம்மா" என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதா?" என்றாள்.

2019இல் அந்த அடையாறு வீடு விற்கப்பட்டது. மேடம் தவறிப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு நாள் காலை அம்மா வழக்கம்போலப் பின் கேட்டுக்குப் போனபோது, வாட்ச்மேன் அண்ணன்தான் சொன்னார், "அக்கா, வீட்ட வித்தாச்சாம். உங்ககிட்ட சொல்லலையா?" மாதச் சம்பளமும் மேலே கொஞ்சமும் கவரில் வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் 17 வருடம் சமைத்த வீட்டைப் பற்றிய முடிவு எங்கே, எந்த அறையில், யார் முன்னால் எடுக்கப்பட்டது என்று அவளுக்கு இன்று வரை தெரியாது. கதவு சாத்தியிருந்தது.

சீரியலில் அந்த வீடு விற்கப்பட்டிருந்தால் ஹாலில்தான் விற்றிருப்பார்கள். மூன்று எபிசோட் ஆகியிருக்கும். பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மகள் கத்தியிருப்பாள். சமையல்கட்டு வாசலில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சமையல்காரம்மா நின்றிருப்பாள். கேமரா பன்னிரண்டு முகங்களைப் பார்த்துவிட்டுப் பதின்மூன்றாவதாக அவளிடமும் ஒரு நொடி வந்திருக்கும்.

பணக்கார வீட்டில் எல்லாமே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடக்கிறது என்பதுதான் சீரியல் சொல்லும் மிகப் பெரிய பொய். நகையும் லிப்ஸ்டிக்கும் அதற்கு முன்னால் சின்னப் பொய்கள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெரிய பொய்யைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த வீட்டின் சோஃபா இல்லை. அந்த வீட்டின் பேச்சு தன் காதிலும் விழ வேண்டும் என்பது.

பிறகு, திருச்செல்வம் இயக்கத்தில் 'எதிர்நீச்சல்' (2022–2024) வந்தது. ஆதி குணசேகரனாக மாரிமுத்து. அவருடைய "இந்தாம்மா ஏய்" எல்லாருக்கும் தெரியும். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது எங்கள் தெருவில் சொந்தக்காரர் செத்த மாதிரி பேசிக்கொண்டார்கள். அந்த வீடும் பெரிய ஹால், படிக்கட்டு உள்ள வழக்கமான வீடுதான். ஆனால் கதை அடிக்கடி சமையலறைக்குள் போனது. படித்த மருமகள்களான ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, பிறகு ஜனனி அங்கே நின்று காய் நறுக்கினார்கள், பேசினார்கள், திட்டம் போட்டார்கள். சொத்து இவ்வளவு இருக்கிற வீட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்பதற்கு முதல்முறையாக ஒரு பதில் வந்தது: கட்டிக்கொண்டு வந்த பெண்கள்.

அம்மா அதை ஆர்வமாகப் பார்த்தாள். இதிலாவது அவளுடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கேட்டேன்.

"பாதிதான்" என்றாள். "சமைக்கிறாங்க, சரி. சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் ஹாலுக்குப் போயிட்டாங்கல்ல? அந்தத் தட்டெல்லாம் இன்னும் டேபிள் மேலயே கெடக்குது பாரு."

திரும்பிப் பார்த்தேன். கிடந்தது. காட்சி மாறிவிட்டது.